மடைநூலில் இல்லாத பெயர்கள்
(ரசமும் சொதியும் கூழும் கைமாறிய வரலாறு)

சிறுபாணாற்றுப்படையில் ஒரு நூற்குறிப்பு வருகிறது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் பாணர்க்கு அளித்த விருந்தைக் கூறவந்த நல்லூர் நத்தத்தனார், அவ்வுணவு அருச்சுனனின் தமையனாகிய வீமனுடைய மடைநூல் நெறியில் வழுவாமல் ஆக்கப்பட்டது என்கிறார். மடைநூல் என்பது சமையல் நூல். அந்நூல் நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அக்குறிப்பிலிருந்து ஒன்று தெளிவாகிறது: சங்க காலப் புலவர் ஒருவர் சமையலை நூல் என்ற தகுதிக்கு உயர்த்தியபோது, அதற்கு ஓர் ஆடவனின் பெயரே உரிமையாயிற்று.

பின்வந்த வழக்கும் அதுவே. நல்ல சமையலை இன்றும் நளபாகம் என்கிறோம். சற்றுப் படித்தவர்கள் வீமபாகம் என்பதையும் சேர்த்துக்கொள்வர். இவ்விருவர் கதையிலும் பொதுவான ஒரு செய்தி உண்டு. வீமன் விராடன் அரண்மனையில் வேற்றுப் பெயரில் மறைந்திருந்தபோது மடைப்பள்ளியில் பணிசெய்தான். நளனும் வாகுகன் என்ற பெயரில் இருதுபன்னனிடம் மடைத்தொழில் பார்த்தான். சமையலால் பெயர் பெற்ற இருவருமே சொந்தப் பெயரை மறைத்துக்கொண்டு சமைத்தவர்கள்! காலமெல்லாம் அடுப்படியில் நின்றவர்களுக்கு மறைப்பதற்குக்கூட ஒரு பெயர் ஏட்டில் ஏறவில்லை. நளன் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வாகுகன் உருவம் மாறியிருந்தான். தமயந்தியால் கண்டு தெளிய முடியவில்லை. தோழி கேசினி அவன் சமைத்த உணவைக் கொண்டுவந்து தருகிறாள். நாவில் பட்டதும் தமயந்தி அறிந்துகொள்கிறாள். கைப்பக்குவம் ஒருவரின் கையெழுத்தைப் போன்றது என்பதை இதனினும் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அதைச் சுமந்து வந்தவள் ஒரு தோழி என்பதும் நம் பொருளுக்கு இயைகிறது.

ஒரு தோழி மற்றொருத்திக்குச் சொல்லிக்கொடுக்கும் எளிய சமையலே இக்கட்டுரையின் பொருள். விருந்துச் சமையலுக்கு வரலாறு உண்டு. சாளுக்கிய வேந்தன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசம் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே அரண்மனை உணவை விரித்துரைத்தது. தஞ்சை மராட்டியர் அரண்மனைச் சமையல் குறிப்புகள் சரபேந்திர பாகசாத்திரம் எனச் சரபோசி மன்னரின் பெயராலேயே வழங்குகின்றன. ஆனால் ரசம், சொதி, கூழ் முதலிய நீர்த்த உணவுகள், காய்ச்சல்காரனுக்கும் மகப்பேற்றுக்கு வந்த மகளுக்கும் மழை நாளில் எதிர்பாராமல் வந்த விருந்தினருக்கும் வீட்டில் உள்ளதைக் கொண்டு ஆக்கிய உணவுகள். அரசர்களுக்கு அவற்றை எழுதிவைக்கத் தோன்றியிருக்காது.

பெண்கள் வாய்வழியாகச் சமையற்செய்தி கைமாறுவதை நம் இலக்கியம் ஓரிடத்தில் அழகாகப் பதிவு செய்திருக்கிறது. குறுந்தொகை 167ஆம் பாடல், கூடலூர் கிழார் பாடியது. புதுமணத் தலைவி கட்டித் தயிரைத் தன் கையாலேயே பிசைகிறாள். விரலைத் துடைத்த ஆடையை மாற்ற நேரமில்லை. தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. அவள் ஆக்கிய புளிப்புக் குழம்பைக் கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் சற்றே மலர்கிறது. நம் வகுப்பறைகளில் இதை இல்லறத்தின் இனிமைக்குச் சான்றாகக் காட்டி நிறுத்திவிடுகிறோம். இப்பாடல் யார் கூற்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மணமனைக்குச் சென்று திரும்பிய செவிலி நற்றாய்க்குச் சொல்லுவது இது. மகள் எப்படி இருக்கிறாள் என்று தாய் கேட்டிருப்பாள். செவிலி விடையாகக் குழம்பு வைத்த முறையைச் சொல்லுகிறாள்! தயிரை எதனால் பிசைந்தாள், எப்போது தாளித்தாள் என்பதையெல்லாம் நின்று பார்த்த கண்ணே இப்பாடலைச் சொல்லியிருக்க முடியும். மோர்க்குழம்புக்குத் தமிழில் உள்ள பழைய சமையற்குறிப்பு இதுவே என்று என் மாணவியரிடம் சொல்வதுண்டு. அவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு பாட்டை மறுபடி படிப்பார்கள்.

மிளகுதண்ணீர் கடல் கடந்தது

வீட்டுச் சாறு ஒன்று எழுத்தில் ஏறி உலகம் சுற்றிய கதை நம்மிடம் உண்டு. அதுதான் மிளகுதண்ணீர். இன்று நாம் ரசம் என்கிறோம். வைணவ இல்லங்களில் அது சாற்றமுது, பேச்சில் சாத்தமுது. சாறு என்ற தமிழ்ச்சொல்லை அவர்கள்தாம் காத்துவைத்திருக்கிறார்கள். இன்றைய ரசத்தில் மிளகாயும் தக்காளியும் இல்லாத வீடு அரிது. ஆனால் இரண்டும் அமெரிக்கக் கண்டத்தின் பயிர்கள். மிளகாய் போர்ச்சுகீசியர் வந்த பின்னரே நம் மண்ணுக்கு வந்தது. மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய் எனப் பெயரிட்டு அதை உறவாக்கிக்கொண்டோம். தக்காளி நம் அடுக்களைக்குள் நுழைந்தது அதனினும் பிந்தி. ஆகவே பழைய சாற்றுக்குக் காரம் மிளகு, புளிப்புப் புளி, அவ்வளவே.

ஆங்கிலேயர் நாவில் மிளகுதண்ணீர் 'முல்லிகடானி' ஆயிற்று. யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளியான ஆப்சன் ஜாப்சன் அகராதி, இச்சொல்லுக்கு 1784ஆம் ஆண்டுச் சான்று ஒன்றைக் காட்டுகிறது. கவிஞர்கள் நிறைந்த இந்த அவைக்கு அதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஏனெனில் அச்சான்று ஒரு செய்யுள். ஐதர் அலியின் படையிடம் சிறைப்பட்டுப் பெங்களூர்ச் சிறையில் இருந்த ஆங்கிலக் கடற்படையாளர் ஒருவர், தம் விதியை நொந்து பாடியது. மிளகுதண்ணீரையும் கஞ்சியையும் உண்டு கிடக்கிறோமே என்பது அவர் புலம்பல். நம் தமிழ்ச்சொற்கள் இரண்டு ஒரே மூச்சில் ஆங்கிலக் கவிதைக்குள் போயின, அதுவும் வசையாக! காய்ச்சலில் கிடப்பவனுக்கு நம் தாய்மார் அன்போடு கொடுக்கும் அதே இரண்டும் சிறைப்பட்டவனுக்குத் தண்டனையாகத் தோன்றியிருக்கின்றன.

அடுத்த நூற்றாண்டில் நிலை தலைகீழாயிற்று. சென்னை மாகாணத்து ஆங்கிலேயர் மிளகுதண்ணீரில் பழகிப்போய், பிற மாகாணத்தாரால் 'மல்' என்றே கேலிப்பெயரிட்டு அழைக்கப்பட்டார்கள். ஊர் திரும்பியவர்கள் அந்தச் சுவையையும் கொண்டுபோனார்கள். எலைசா ஆக்டன் 1845இல் வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் நூலில் அது இடம்பெற்றுவிட்டது. அங்கே போனதும் அதன் உருவம் மாறிற்று. இறைச்சி சேர்ந்தது, கறிப்பொடி சேர்ந்தது, மாவு கரைத்துக் கெட்டியாக்கினார்கள், பிற்காலத்தில் ஆப்பிள்கூடச் சேர்ந்தது. தண்ணீர் என்று பெயர் வைத்துக்கொண்டு தண்ணீர்த்தன்மையை இழந்த ஒரே உணவு இதுவாகத்தான் இருக்கும்.

இதைக் கண்டு வருந்திய ஆங்கிலேயர் ஒருவரும் இருந்தார். 'வைவெர்ன்' என்ற புனைபெயரில் எழுதிய கர்னல் கென்னி எர்பர்ட், சென்னைச் சமையலைப் பற்றி 1878இல் ஒரு நூல் வெளியிட்டார். முல்லிகடானி என்பது மிளகு, தண்ணீர் என்னும் இரு தமிழ்ச்சொற்களின் சிதைவே என்று விளக்கி, மூல வடிவத்தையும் தந்தார். புளி, மிளகு, மிளகாய், பூண்டு, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவற்றை இடித்து நீரில் கொதிக்கவைத்து, வெங்காயத்தை நெய்யில் வதக்கிச் சேர்க்கும் முறை அது. இறைச்சி இல்லை, தக்காளியும் இல்லை. நம் பாட்டிமார் மறுக்காத குறிப்பு. இதை எழுதிவைத்தமைக்கு நாம் நன்றி பாராட்டவே வேண்டும்.

ஆனால் அவர் நூலில் சமையற்காரருக்கு வழங்கும் பெயரைக் கவனித்தல் வேண்டும். யாராயினும் அவர் 'இராமசாமி'தான். ஓர் ஆளின் பெயராக அது வரவில்லை. ஒரு தொழிலின் பெயராக வருகிறது. அந்த இராமசாமிக்கு மிளகுதண்ணீர் வைக்கத் தெரிந்தது எப்படி? அவர் தாயின் அடுப்பருகில் இருந்து பார்த்திருப்பார். அல்லது மனைவி சொல்லியிருப்பாள். பெயரில்லாத ஒருவருக்குப் பின்னால் பெயரில்லாத இன்னொருத்தி நிற்கிறாள். பெயர் தெரியாத சங்கப் புலவர்களைத் தொகுத்தோர், அவர் பாடலின் சிறந்த தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்பது போல வழங்கினார்கள். அந்தப் பெருந்தன்மை அடுக்களைப் பக்கம் வரவில்லை.

சொற்பிறப்பில் நாட்டமுடையோர்க்காக ஓர் இடைக்குறிப்பு. சூப் என்னும் மேலைச்சொல்லும், பருப்பைக் குறிக்கும் சூபம் என்னும் வடசொல்லும் ஒலியால் ஒத்திருப்பதைக் கண்டு, சூபசாத்திரத்திலிருந்தே சூப் பிறந்தது என்று மேடையில் முழங்குவோர் உளர். அவ்வுறவுக்கு ஆதாரம் இல்லை. சூப் என்பது சாற்றில் நனைத்த ரொட்டித் துண்டைக் குறித்த பழஞ்சொல்லின் வழிவந்தது. நமக்குச் சொந்தமான மிளகுதண்ணீர் இருக்கும்போது பிறர் சொல்லுக்கு உரிமை கொண்டாடுவானேன்?

இரு கரையின் சொதி

திருநெல்வேலிச் சைவ வேளாளர் திருமணங்களில் மறுவீட்டு விருந்துக்குச் சொதி வைப்பார்கள். மாப்பிள்ளைச் சொதி என்றே அதற்குப் பெயர். தேங்காய்ப்பாலை மூன்று முறை எடுக்க வேண்டும். நீர்த்த பாலில் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பீன்சு, காரட் ஆகியவற்றை வேகவைத்து, வெந்த பாசிப்பருப்பும் இஞ்சி பச்சைமிளகாய் விழுதும் சேர்த்து, இறுதியில் கெட்டியான முதற்பாலை ஊற்றி, நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடும். இறக்கியபின்தான் எலுமிச்சைச் சாறு. உடன் இஞ்சித் துவையல். அவ்வளவு தேங்காயும் நெஞ்சைக் கரிக்காமல் இருக்க இஞ்சி வேண்டும் என்ற மருத்துவ அறிவும் அந்த இலையிலேயே பரிமாறப்பட்டுவிடுகிறது.

யாழ்ப்பாணத்துச் சொதி இதனினும் எளிது. அங்கே அது திருமண விருந்துக்கென ஒதுக்கப்பட்டதன்று. இடியப்பத்தின் மேல் ஊற்றும் அன்றாட உணவு. வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், கறிவேப்பிலை, தேங்காய்ப்பால், கடைசியில் தேசிக்காய்ப் புளி. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். விருப்பமானால் மீனும் சேரும். பெயரும் தேங்காய்ப்பாலும் இறக்கியபின் புளி விடும் நுணுக்கமும் இரு கரைக்கும் ஒன்று. மலையாள நாட்டிலோ ஆங்கிலச் 'ஸ்டியூ', 'இஷ்டு' ஆகித் தேங்காய்ப்பாலில் குளித்து, ஆப்பத்தின் துணையாகிவிட்டது. மிளகுதண்ணீர் அங்கே போய் உருமாறியதற்கு இது சரிக்குச் சரி!

விடுதியில் தங்கி முனைவர்ப்பட்ட ஆய்வு செய்த காலத்தில் இவ்விரு சொதிகளுக்கும் ஒரு வழக்கு நடந்ததை நான் அறிவேன். தென்காசிப் பக்கத்துத் தோழி ஒருத்தியும், யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்தோடு பெயர்ந்துவந்த மற்றொருத்தியும் எது உண்மையான சொதி என்று ஓரிரவு முழுவதும் வாதாடினார்கள். தீர்ப்புக்கு வழி இல்லாமல் மின்னடுப்பில் இரண்டையும் வைத்தோம். மின்னடுப்பு விடுதி விதிக்கு மாறானது என்பதை விதியறிந்தோர் மன்னிக்க. தென்காசித் தோழி பருப்பில்லாச் சொதியைச் சொதி என்று ஒப்பவில்லை. ஆனால் இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டாள். யாழ்ப்பாணத் தோழி சொன்ன ஒரு சொல் என் மனத்தில் நின்றுவிட்டது: "வீட்டிலயிருந்து ஒண்டும் கொண்டுவர ஏலாமப் போச்சு. இது மட்டும் பாரமில்லாமல் கூட வந்தது."

அவள் சொன்னதன் பொருளைக் கூழில் இன்னும் தெளிவாகக் காணலாம். யாழ்ப்பாணத்து ஒடியற்கூழ் ஒருவருக்காக ஆக்கக்கூடியதன்று. பனங்கிழங்கை அவிக்காமல் உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியல் மாவை நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்துக் கசப்பைப் போக்க வேண்டும். மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி, கீரை எனக் கையில் கிடைத்ததெல்லாம் ஒரே பானையில் வேகும். செத்தல் மிளகாயும் புளியும் சேரும். மாவு கரைத்து ஊற்றப்படும். சுற்றமும் அயலாரும் வட்டமாக அமர்ந்து, பனையோலையை மடித்துக் கோலிய பிளாவில் ஊதி ஊதிக் குடிப்பார்கள். ஒருவர் மீன் கொண்டுவர, மற்றவர் பலாக்கொட்டை கொண்டுவர, பானை நிறையும். இதற்கு அளவு சொல்லும் குறிப்பு எழுதுவது கடினம். வருவோர் எண்ணிக்கையே அளவு.

ஆடிப்பிறப்பன்று காய்ச்சும் இனிப்புக்கூழ் வேறு வகை. அதைப் பாடி அழியாத இடம் தந்தவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953). ஈழத்துத் தமிழ்க் குழந்தைகள் பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்த பாட்டு அது. கூழைப் பாடுபொருளாக்கலாமா என்று கேட்கும் கவிஞர் எவரேனும் நம் வட்டத்தில் இருந்தால், அப்பாட்டைத் தேடிப் படிக்குமாறு வேண்டுகிறேன். பாட்டும் பண்டத்தின் செய்முறையும் அதில் ஒன்றாகவே நடக்கின்றன. 1983க்குப் பின் இலட்சக்கணக்கானோர் ஊரை விட்டுப் பிரிந்தனர். டொராண்டோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் ஒடியல் மா பொட்டலமாகக் கடைகளுக்கு வந்தது. பனை இல்லாத ஊரில் பிளாவுக்குப் பதில் காகிதக் குவளை. ஆனாலும் கூழென்றால் நாலு குடும்பத்தைக் கூப்பிடாமல் அடுப்பு மூட்டுவதில்லை என்று அங்குள்ளோர் சொல்லக் கேட்கிறோம்.

கடிதம் நூலான கதை

வாய்வழிச் செய்தி அச்சேறிய இடத்தில், ஒரு பெண்ணின் சொந்தப் பெயரோடு நிற்கும் நூல் எசு. மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. முதற்பகுதி 1951இல் வெளிவந்தது. இளவயதிலேயே கணவரை இழந்து, குடும்பப் பொறுப்பைத் தனியே தாங்கியவர் அவர். அக்கால வழக்கம் கைம்பெண்ணை மங்கல வினைகளிலிருந்து விலக்கிவைத்தது. சமையற்கட்டிலிருந்து மட்டும் விலக்கவில்லை. அவர் கைத்திறன் அறிந்த உறவினர்கள் குறிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எழுதி எழுதி அனுப்புவது பெரும்பாடாக இருந்தது. இதை நூலாக்கினால் என்ன என்று கேட்டவர் அவருடைய மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயர். ஆக, அந்நூலின் கருவறை ஒரு கடிதக் கட்டு. உறவுக்கும் நட்புக்கும் எழுதிய குறிப்புகளே முன்பின் அறியாத ஆயிரக்கணக்கான மணப்பெண்களின் கைக்குப் போயின. பின்னர் ஆங்கிலத்திலும் வந்து, கடல் கடந்த வீடுகளிலும் இடம்பிடித்தது.

பழைய பதிப்பைப் புரட்டுவோர் அதில் ஒரு மறைந்த உலகத்தையே காண்பார்கள். ஆழாக்கு, உழக்கு, பலம், ரூபாய் எடை என்றே அளவுகள் வரும். எட்டு ஆழாக்கு ஒரு படி. ஒரு ரூபாய் எடை ஒரு தோலா, ஏறத்தாழ 11.66 கிராம். மூன்று தோலா ஒரு பலம். தராசில் எடைக்கல் இல்லாத வீட்டிலும் வெள்ளி ரூபாய் ஒன்று இருக்குமாதலால், நாணயத்தையே எடைக்கல்லாக்கிய சிக்கனம் அது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் அளவை 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தபோது, ஒரு தலைமுறையின் கையளவு முழுவதும் மொழிபெயர்ப்புக்கு ஆளாயிற்று. பேத்தி கிராமில் கேட்பாள். பாட்டி பலத்தில் சொல்லுவாள். நடுவில் அம்மா பெருக்கிக் கணக்கிடுவாள். உவமை நயத்தோடு சொல்லும் அளவுகளும் உண்டு: நெல்லிக்காயளவு புளி, சுண்டைக்காயளவு பெருங்காயம், விரலால் மூன்று சிட்டிகை. இவை எந்தச் சட்டத்தாலும் மாறவில்லை.

அச்சு நூலுக்கு ஒரு குறையும் உண்டு. அதில் மிளகு ரசம் மிளகு ரசமாக நிற்கும். யாருடைய ரசம் என்ற சேதி இராது. கையெழுத்துச் சமையல் குறிப்பேடுகளில் நிலை வேறு. எங்கள் விடுதித் தோழியர் சேர்ந்து எழுதிய நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று இன்றும் என்னிடம் இருக்கிறது. அதில் 'தென்காசிச் சொதி', 'வார்டன் அம்மா கண்டதிப்பிலி ரசம்', 'மூன்றாம் மாடி அக்கா கொள்ளு ரசம்' என்றே தலைப்புகள் இருக்கின்றன. ஒரு பக்கத்தில் புளிக்கறை; ஓரத்தில் வேறொரு கையெழுத்தில் 'உப்பு போதாது'. ஏட்டுச்சுவடிப் பதிப்பில் பாடபேதம் குறிப்பதைக் கற்றவள் என்பதால், அந்த ஓரக்குறிப்பை நான் எளிதாக எண்ணவில்லை. ஒரு நூலுக்கு மூலமும், கேட்டோர் பெயரும், வேறுபாடமும் எப்படிக் காக்கப்படவேண்டுமோ, அப்படியே அங்கே காக்கப்பட்டிருக்கின்றன. காத்தவர்கள் பதிப்பாசிரியர்கள் அல்லர், பசித்த மாணவியர்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் இந்தக் கைமாற்றம் புது வேகம் கொண்டதைக் கண்டோம். விடுதி மூடி, உணவகம் மூடி, தனி அறையில் அடைபட்ட இளைஞர்கள் தொலைபேசியில் தாயிடம் மிளகு ரசம் கேட்டார்கள். "புளியை எவ்வளவு நேரம் ஊறப்போட வேண்டும்?" என்று ஆண்மக்கள் கேட்ட காலம் அது. கேட்டவர்கள் ஆடவர் என்பதில் ஒரு திருப்பம் இருக்கிறது. வீமனும் நளனும் மறைந்திருந்து சமைத்தார்கள். இவர்கள் அடைபட்டிருந்து சமைத்தார்கள். ஆனால் இவர்கள் வைத்த ரசத்துக்கு 'அம்மா ரசம்' என்று பெயர் வைத்தார்கள்.

இவ்வட்டத்தின் பத்தாண்டு மலரில் சமையலைப் பற்றி எழுதலாமா என்று மலர்க்குழுவினர் ஒருவர் தயங்கிக் கேட்டார். நம் கூட்டங்களில் கவியரங்கம் முடிந்ததும் பின்வரிசையில் நடக்கும் உரையாடலை அவர் கேட்டதில்லை போலும். சென்ற மார்கழிக் கூட்டத்தில் தொண்டைக்கட்டோடு கவிதை படித்த உறுப்பினர் ஒருவருக்கு, மூத்த கவிஞர் அம்மையார் ஒருவர் தம் கவிதைத் தாளின் பின்புறத்தில் தூதுவளை ரசம் எழுதிக் கொடுத்தார். முன்பக்கத்துக் கவிதை இம்மலரில் இடம்பெற்றிருக்கிறது. பின்பக்கத்தையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

உறுப்பினர் இல்லங்களில் அம்மா, அத்தை, ஆச்சி கையெழுத்தில் கிடக்கும் சமையல் நோட்டுகளை, அடுத்த கூட்டத்திற்கு வரும்போது எடுத்துவாருங்கள். கிழிந்திருந்தாலும் கறைபட்டிருந்தாலும் தாழ்வில்லை. படியெடுத்துத் திருப்பித் தந்துவிடுவோம். எழுதியவர் பெயரும், அவருக்குச் சொன்னவர் பெயரும் நினைவிருந்தால், முதற்பக்கத்தில் பென்சிலால் குறித்துவைத்துக் கொடுங்கள்.